தனியாகப் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

கேள்வி: நான் 2013-இல் எம்.டி. ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்-ரே படங்களைப் படித்து நோயைக் கண்டறியும் துறை) முடித்தேன். காலையில் கீழக்கரையிலும் பிற்பகலில் இராமநாதபுரத்திலும் ஒரே உரிமையாளரின் இரண்டு ஸ்கேன் சென்டர்களில் வேலை செய்கிறேன். அல்ட்ராசவுண்ட், எக்ஸ்-ரே, சி.டி. எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். அடுத்த ஆண்டு 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. வரப்போகிறது, படிக்கும் காலத்தில் கற்ற எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் மறந்துவிட்டது. ஓராண்டு ஃபெலோஷிப்புக்கு (பட்டத்துக்குப் பின் ஒரு துறையில் பெறும் சிறப்புப் பயிற்சி) சென்னை போகலாம் என்றால் பிள்ளைகளின் பள்ளி இருக்கிறது. நான் போய்விட்டால் இங்கு வரும் பெண்களுக்கு ஸ்கேன் பார்க்கப் பெண் மருத்துவரும் இல்லை. இணையவழி வகுப்புகளில் சான்றிதழ்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன, மனத்தில் தங்கியது குறைவு. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டால் இவ்வளவு படிக்கத் தேவையில்லை என்கிறார் உரிமையாளர், அதுவரை எம்.ஆர்.ஐ. படங்களை டெலிரேடியாலஜிக்கு, அதாவது இணையம் வழியே வெளியூர் ரேடியாலஜிஸ்டுகள் படித்து ரிப்போர்ட் தரும் நிறுவனத்துக்கு, அனுப்பிவிடலாம் என்றும் சொல்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃபெலோஷிப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஒரே உறுப்பையோ ஒரே துறையையோ வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு அது அவசியம். நரம்பியல் படங்களில் ஆழ்ந்து போக விரும்புகிறவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் எம்.டி.க்கு மேற்பட்ட டி.எம். படிப்பே படிக்கிறார்கள். ஒரே காலைப்பொழுதில் கர்ப்பிணி, கல்லடைப்பு, நாள்பட்ட இருமல், பைக்கில் விழுந்த தலைக்காயம் என்று மாறி மாறிப் பார்க்கும் உங்களுக்கு அது இப்போது தேவையில்லை என்பதே என் கருத்து. குடும்பத்தையும் நோயாளிகளையும் விட்டுப் போக முடியவில்லையே என்ற குற்ற உணர்வு வேண்டாம்.

சான்றிதழ்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதுதான் கடிதத்தில் முக்கியமான வரி. மருத்துவர்களின் தொழில்முறை நடத்தைக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரத் தொடர்கல்வியைக் கேட்கின்றன. அந்தக் கணக்கை நீங்கள் எப்போதோ தாண்டியிருப்பீர்கள். ஒரு காதில் ஹெட்போனும் மறு கையில் கரண்டியுமாகக் கேட்கும் வகுப்பிலிருந்து மனத்தில் எதுவும் தங்காததற்கு உங்கள் நினைவாற்றலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்த வகுப்பு உங்களிடம் எதையும் கேட்பதில்லை, நீங்கள் பதில் சொல்லித் தவறும் வாய்ப்பையும் தருவதில்லை.

மருத்துவக் கல்லூரியில் படித்தபோது உங்களுக்கு இருந்து, கீழக்கரையில் இல்லாமற்போனது ஒன்று உண்டு. அங்கே நீங்கள் குடல்வால் அழற்சி என்று எழுதினால், மறுநாள் காலை அறுவை மருத்துவர் வந்து, வயிற்றைத் திறந்தபோது என்ன இருந்தது என்று சொல்லிவிடுவார். இங்கே நோயாளி படத்தையும் ரிப்போர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறுகிறார். அங்கே அறுவை நடக்கிறது, திசுப் பரிசோதனை நடக்கிறது, வேறு நோயாகவே அது முடிந்திருக்கக்கூடும். உங்களுக்கு ஒரு வார்த்தையும் திரும்பி வருவதில்லை. இப்படியே ஆண்டுகள் போனால் வேகமும் தன்னம்பிக்கையும் கூடும். சரிதானா என்பது மட்டும் தெரியாது. அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் கார்லண்ட் 1949-லேயே, நோய் தெரியும் நெஞ்சுப் படங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை அனுபவம் மிக்கவர்களும் தவறவிடுகிறார்கள் என்று காட்டினார். கருவிகள் அத்தனையும் மாறிய பிறகும் தவறு நம் வேலையை விட்டுப் போய்விடவில்லை. ஆகவே உங்கள் தொடர்கல்வி உங்கள் ரிப்போர்ட்டுகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைத் தேடுவதில் தொடங்க வேண்டும்; எந்த வகுப்புக்குப் போவது, எதைப் படிப்பது என்பதெல்லாம் அதன் பிறகு தானே தெளியும்.

இதற்கு ஒரு பதிவேடு போதும். நோயாளியின் பெயர் வேண்டாம். ஸ்கேன் எண், தேதி, நீங்கள் எழுதிய முடிவு, எவ்வளவு உறுதியாக எழுதினீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்ற விவரங்கள் இருந்தால் போதும். எல்லாப் படங்களையும் இதில் ஏற்ற முயன்றால் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவீர்கள். கை தயங்கிய படங்கள், அறுவைக்கோ திசுப் பரிசோதனைக்கோ அனுப்பியவை, ‘மருத்துவரீதியாக ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று எழுதித் தப்பித்தவை ஆகியவற்றை மட்டும் ஏற்றுங்கள். உங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் அறுவை மருத்துவர்களிடமும் மகப்பேறு மருத்துவர்களிடமும், திசுப் பரிசோதனை (பயாப்சி) முடிவு வந்தால் ஒரு நகல் அனுப்பும்படி ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். சிலர் மறப்பார்கள், அவர்களுக்கு மாதம் ஒருமுறை போன் செய்ய வேண்டியிருக்கும்.

மார்பக ஸ்கேனை எடுத்துக்கொண்டால் இந்தப் பதிவேட்டின் பயன் விளங்கும். பெண் மருத்துவர் என்பதற்காகவே பல பெண்கள் உங்களிடம் வருகிறார்கள்; ஆகையால் இந்தக் கரையோரத்தில் மார்பகக் கட்டிகளை அதிகம் பார்ப்பவர்களில் ஒருவராக நீங்கள் இருப்பீர்கள். மார்பகப் படங்களில் புற்றுநோய்ச் சந்தேகத்தின் அளவைக் குறிக்க நாம் எல்லோரும் எழுதும் பை-ராட்ஸ் வகைகளுக்கு எண்ணிக்கையில் பொருள் உண்டு: 3 என்று எழுதினால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை, 4ஏ என்றால் 2 முதல் 10 வரை, 4பி என்றால் 10 முதல் 50 வரை, 4சி என்றால் 50 முதல் 95 வரை. நீங்கள் 4சி என்று எழுதியவற்றில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டி என்று வந்தால் தேவையில்லாமல் ஊசி குத்த வைக்கிறீர்கள். 3 என்று எழுதி ஆறு மாதம் கழித்து வரச் சொன்னவர்களில் அடிக்கடி புற்றுநோய் வந்தால் கட்டியின் விளிம்புகளை நீங்கள் போதிய கவனத்துடன் பார்க்கவில்லை. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது அவசர முடிவுக்கு வரக்கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் ஓராண்டுப் பதிவுகளை மேசையில் பரப்பி, தவறிய ஒவ்வொன்றின் படத்தையும் மீண்டும் திறந்து, கட்டியின் விளிம்பை அன்று என்னவென்று வருணித்தோம், இன்று என்னவென்று வருணிப்போம் என்று பார்ப்பதைப்போல ஒரு வகுப்பை எந்தக் கருத்தரங்கும் உங்களுக்கு நடத்தித் தர முடியாது. தைராய்டுக்கும் இதேபோலச் செய்யலாம். தைராய்டுக் கட்டிகளை வகைப்படுத்த 2017-இல் வந்த டை-ராட்ஸ் முறையில் ஊசிப் பரிசோதனைக்கான அளவு 5-ஆம் வகைக்கு 1 சென்டிமீட்டர், 4-க்கு 1.5, 3-க்கு 2.5 என்று இருக்க, இன்னும் ‘கொலாய்டு கட்டி, எஃப்.என்.ஏ.சி. (ஊசிப் பரிசோதனை) செய்யவும்’ என்று எல்லாவற்றுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோமா என்று பாருங்கள்.

அடுத்து, நீங்கள் பட்டம் பெற்ற 2013-க்குப் பிறகு மாறியவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாம் மாறிவிடவில்லை, மாறிய சில இடங்கள் மட்டும் நோயாளியின் விதியையே மாற்றுபவை. முதலில் பக்கவாதம். நீங்கள் படித்தபோது தலை சி.டி.யில் ரத்தக் கசிவு இல்லை என்று சொன்னால் நம் வேலை முடிந்தது. 2015-இல் அடுத்தடுத்து வெளிவந்த ஐந்து ஆய்வுகள், பெரிய தமனியை அடைத்த இரத்தக்கட்டியைக் குழாய் செலுத்தி எடுத்தால் நோயாளி எழுந்து நடக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது என்று நிறுவின. 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகள், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அந்தக் கால அவகாசத்தை 24 மணி நேரம் வரை நீட்டின. இராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது என்பதை வைத்து இதைப் பாருங்கள். சிரை வழியே செலுத்தி இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான நாலரை மணி நேரம் பாம்பனைத் தாண்டும்போதே பாதி கரைந்துவிடும். கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கான கதவு திறந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் வழியில் இருக்கும் நீங்கள்தான். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். சாதாரண சி.டி.யின் திரை அமைப்பை, சிறு நிற வேறுபாடும் தெரியும்படி, விண்டோ அகலம் 40, மட்டம் 40 என்ற அளவுக்குக் குறுக்கி வைத்தால் சாம்பல் நிறப் பகுதிக்கும் வெண் பகுதிக்கும் உள்ள வேறுபாடு மங்கிய இடம் கண்ணில் படும். மூளையின் பத்துப் பகுதிகளில் பாதிக்கப்படாதவற்றை எண்ணும் ஆஸ்பெக்ட்ஸ் முறையில் பத்துக்கு எத்தனை என்று எண்ணலாம். நடுப் பெருமூளைத் தமனி வெண்மையாகத் தெரிகிறதா என்று மெல்லிய ஸ்லைஸ்களில் (குறுக்குவெட்டுப் படங்களில்) பார்க்கலாம். அதே மேசையில், நோயாளியை இறக்காமலே, கழுத்து முதல் உச்சி வரை இரத்தநாளங்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் எடுக்கலாம். முடிவை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திராமல் அனுப்பிய மருத்துவரிடம் போனிலேயே சொல்லுங்கள்.

சிறுநீரகத்துக்கும், சி.டி.யில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கும் உள்ள உறவும் திருத்தி எழுதப்பட்டுவிட்டது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4 என்றதும் கான்ட்ராஸ்ட் தர மறுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் வலுவாக இருக்கிறது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் அந்நாட்டுச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020-இல் சேர்ந்து வெளியிட்ட கருத்து, அந்த அபாயம் மிகைப்படுத்தப்பட்டது என்றும், உண்மையில் கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 30-க்குக் கீழே இருப்பவர்களைப் பற்றித்தான் என்றும் சொல்கிறது. கிரியேட்டினினை மட்டும் பார்ப்பதை விட்டு இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிடும் வழக்கத்தை உங்கள் வரவேற்பு மேசையிலிருந்தே தொடங்கலாம். நுரையீரல் முடிச்சுகளுக்கு ஃப்ளைஷ்னர் சங்கம் 2017-இல் திருத்திய வழிகாட்டுதல், சினைப்பைக் கட்டிகளுக்கு 2020-இல் வந்த ஓ-ராட்ஸ் வகைப்பாடு ஆகிய இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம்.

பாடநூல்கள் அதிகம் பேசாத, உங்கள் கரைக்கே உரிய பாடங்களும் உண்டு. காய்ச்சலும் வயிற்று வலியுமாக வரும் ஒருவர் மீன் முள் விழுங்கியதாகச் சொல்லமாட்டார், அவருக்கே நினைவிருக்காது. முள் குடலைத் துளைக்கும்போது எக்ஸ்-ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிவது அரிது; சி.டி.யில் குடலை ஒட்டிய கொழுப்பில் கலங்கலும் ஓரிரு சிறு காற்றுக் குமிழிகளும், நடுவில் ஒரு மெல்லிய வெண்கோடும் மட்டும் இருக்கும். வாய்வழியாக வெண்ணிறக் கான்ட்ராஸ்ட் கொடுத்திருந்தால் அந்தக் கோடு மறைந்துவிடும். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸ்களை மட்டும் பார்த்தாலும் நழுவிவிடும். மெல்லிய ஸ்லைஸ்களை எல்லாத் திசைகளிலும் திருப்பிப் பார்ப்பதை இந்த ஊரில் வழக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது. கல்லீரல் சீழ்க்கட்டிக்குக் காரணம் தெரியாதபோதும் அங்கே ஒரு முள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அதேபோல, தோள்பட்டை வலி, இடுப்பு வலி என்று வருகிறவரிடம் என்ன தொழில் என்று கேளுங்கள். காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் சங்கு எடுத்தவராக இருந்தால், அழுத்த மாற்றத்தால் எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் நின்று அது மடிந்துகொண்டிருக்கலாம். தோள் எலும்பின் தலையிலும் தொடை எலும்பின் தலையிலும் தொடங்கும் அந்த மாற்றம் எக்ஸ்-ரேயில் தெரிய மாதங்கள் ஆகும், எம்.ஆர்.ஐ.யில் வெகு முன்பே தெரிந்துவிடும். உங்கள் புதிய கருவி வந்தபின் இப்படிப்பட்டவர்களின் படங்களை ஒழுங்காகச் சேர்த்து வைத்தால், மாநில மாநாட்டில் மற்றவர்கள் உங்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கும்.

இனி அந்தக் கருவியைப் பற்றி. பர்ச்சேஸ் ஆர்டரில் உரிமையாளர் கையெழுத்துப் போடும் முன் நீங்கள் உடனிருக்க வேண்டும். விற்கும் நிறுவனம் தரும், கருவியை இயக்கக் கற்றுத்தரும் அப்ளிகேஷன் பயிற்சி பெரும்பாலும் கருவியைப் பொருத்திய முதல் சில நாட்களோடு முடிந்துவிடும். அந்த நாட்களில் உங்களுக்கு என்ன கேட்பது என்றே தெரியாது. பயிற்சியை இரண்டாகப் பிரித்து, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அதே வல்லுநர் மீண்டும் வந்து உங்களுடன் உட்கார வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். விலை பேசும் நேரத்தில் இதற்கு மறுப்பு வராது. கொழுப்பை அடக்கும் முறைகள், உலோகம் வைத்த முதுகெலும்பை எடுக்கும் முறை, அசையும் நோயாளிக்கு வேகமாக எடுப்பது ஆகியவற்றை அந்த இரண்டாம் வருகைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கற்றுத் தருவது படம் எடுப்பதை. படத்தைப் படிப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து மதுரை இரண்டு இரண்டரை மணி நேரப் பயணம். அங்குள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் வாரம் ஒரு நாள் என்று சில மாதங்கள் உட்கார்ந்து வர அனுமதி கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனையை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ள வேண்டும்: ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் முடிவைத் தாளில் எழுதிய பிறகே அங்குள்ளவர்களின் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவதும் இணைய வகுப்பும் ஒன்றுதான். முதுகெலும்பு, மூளை, முழங்கால் ஆகிய மூன்றும்தான் உங்களிடம் வரப்போகும் படங்களில் பெரும்பகுதி; அவற்றை முடித்துவிட்டுப் பித்தநாளத்துக்குப் போகலாம். புராஸ்டேட்டைக் கடைசிக்கு வையுங்கள். அதில் வெளிப்பகுதிக்கு டிஃப்யூஷன் படமும் (திசுவில் நீரின் அசைவைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) உட்பகுதிக்கு டி2 படமும் (மற்றொரு எம்.ஆர்.ஐ. வகை) முதன்மை என்ற விதியைக் கற்பது எளிது, டிஃப்யூஷனிலிருந்து கணக்கிடும் ஏ.டி.சி. வரைபடத்தில் கறுப்பாகத் தெரிவதையெல்லாம் நம்பாமலிருக்கப் பழகுவதற்கு நாளாகும்.

உங்கள் டெக்னீஷியன்களும் இந்தக் கல்வியில் சேர வேண்டும், காந்தப் பாதுகாப்பில் குறிப்பாக. 2018-இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்ற ஒருவர் உயிரிழந்தார்; உள்ளே காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கிறது என்பது உடன் இருந்தவர்களுக்கு உறைத்திருக்கவில்லை. நம் பக்கத்தில் தாயத்து, அரைஞாண், கொண்டை ஊசி, கால் மெட்டி எல்லாவற்றையும் கேட்டுக் கழற்றச் சொல்ல வேண்டும்; பெண்களிடம் இதைக் கேட்கப் பெண் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கம் படகுப் பட்டறைகளில் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர் வந்தால், கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா என்று கேட்டு, சந்தேகமிருந்தால் முதலில் கண் பகுதிக்கு எக்ஸ்-ரே எடுங்கள்.

வாசிப்புக்கு அதிகம் வேண்டாம். இந்திய ரேடியாலஜி சங்கத்தின் ஆய்விதழும், வட அமெரிக்கச் சங்கத்தின் ‘ரேடியோகிராஃபிக்ஸ்’ இதழும், அவசரத்துக்கு ‘ரேடியோபீடியா’வும் போதும், பதிவேட்டில் நீங்கள் தவறிய இடம் எதுவோ அதைப் பற்றி மட்டும் படியுங்கள். மாநாடுகளில் மாநிலக் கிளை நடத்துவதற்கு ஆண்டுக்கு ஒருமுறை போனால் போதும். பொன்னாடையும் குத்துவிளக்கும் முடியும் வரை வெளியே நின்று, உங்களைப் போலவே சிறிய ஊரில் தனியாக வேலை பார்க்கும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவருடன் மாதம் இருமுறை, பெயர் நீக்கிய முழுப் படத்தொகுப்புகளைப் பரிமாறிக்கொண்டு, ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் படித்து ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் திரையைப் படம் பிடித்து ஒற்றை ஸ்லைஸை அனுப்பிக் கருத்துக் கேட்பது இதற்கு ஈடாகாது. அனுப்புகிறவர் தாம் கண்டதை மட்டும் அனுப்புவதால், அவர் காணாததை மற்றவரும் காண முடியாது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி உரிமையாளர் சொல்வதில் பாதி சரி. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் காசநோய் கண்டறியும் முகாம்களில் நெஞ்சு எக்ஸ்-ரேயைக் கணினியே வாசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்து 2023-இல் வெளியான மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) ஆய்வில், கணினியின் துணையால் வாசிப்புச் சுமை 44 விழுக்காடு குறைந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். கணினி குறைத்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது வாசிப்பை. உங்கள் சென்டரில் முதல் வாசிப்புக்கே ஒருவர்தான் இருக்கிறார். வாங்கினால் பயன்படுத்துங்கள், உங்கள் முடிவை எழுதிய பின் அதன் முடிவைத் திறந்து பாருங்கள், முரண்படுபவற்றைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அதன் வண்ணக் குறியை முதலில் பார்த்துவிட்டால், குறி விழாத இடத்தில் உங்கள் கண் நிற்காது.

டெலிரேடியாலஜிக்கு நான் எதிரி அல்ல. முதல் ஆறு மாதங்களுக்கு அது உங்களுக்கு நல்ல ஆசிரியராகவும் இருக்க முடியும். அதற்காக உரிமையாளரிடம் இரண்டு ஏற்பாடுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு எம்.ஆர்.ஐ.யையும் நீங்கள் முதலில் படித்து எழுதிவைத்த பிறகே வெளி ரிப்போர்ட் உங்கள் மேசைக்கு வர வேண்டும். கருத்து வேறுபட்டால், கையெழுத்துப் போட்ட அந்த ரேடியாலஜிஸ்டுடனேயே நீங்கள் போனில் பேச வழி இருக்க வேண்டும். பேச ஆள் தராத நிறுவனம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை எடுக்க வேண்டாம். ஆறு மாத முடிவில் இரண்டு ரிப்போர்ட்டுகளும் எந்தெந்த உறுப்புகளில் ஒத்துப்போகின்றன என்று பதிவேடே காட்டும். அவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஒத்துப்போகாதவற்றை மட்டும் தொடர்ந்து அனுப்பலாம்.